இடது கைப் பழக்கமுள்ளவருக்கு ஏற்ற பயிர்க்காவல் துப்பாக்கி

மலையடிவாரக் கிராமங்களில் நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு ஆகிய பயிர்களைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் பாழாக்குவது விவசாயிகள் நன்கு அறிந்த செய்தி. பல மாதப் பாடு ஓரிரவில் வீணாகும்போது, கையில் ஒரு துப்பாக்கி இருந்தால் தேவலை என்ற எண்ணம் எழுவது இயற்கை. தகப்பனார் காலத்து உரிமத் துப்பாக்கி இன்றும் இருக்கும் வீடுகளும் உண்டு.

துப்பாக்கி வாங்க நினைப்பவர் இடது கைப் பழக்கமுள்ளவராக இருந்தால் ஒரு சிக்கல் கூடுதலாகச் சேர்ந்துகொள்கிறது. கடையில் கிடைக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வலது கைக்காரருக்காகச் செய்யப்பட்டவை. கைக்கு ஒவ்வாத துப்பாக்கி குறி தவறும். முகத்தையும் கண்ணையும் காயப்படுத்தும். ஆகவே பணத்தை எடுக்கும் முன் கீழ்க்கண்ட விவரங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

உரிமம் வேறு, அனுமதி வேறு

துப்பாக்கி வைத்துக்கொள்ள 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். விண்ணப்பிப்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி பெற்றதற்கான சான்றும் தேவை. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியை வைத்திருப்பவருக்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்.

பயிர்க்காவலுக்கென்று கேட்பவருக்குச் சட்டம் முதலில் குறிப்பிடுவது, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே. அது போதாது என்று அதிகாரி கருதினால், 20 அங்குலத்திற்குக் குறையாத வழவழப்பான குழலுள்ள வேறு துப்பாக்கிக்கு உரிமம் தரலாம். குழலின் உள்ளே திருகு வரிகள் கொண்ட ரைபிள் இந்த வகையில் சேராது. அதற்குத் தனியாகத் தக்க காரணம் காட்ட வேண்டும்.

உரிமம் கிடைத்துவிட்டால் பன்றியைச் சுடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்து மூலமான அனுமதியின்றி வனவிலங்கைக் கொல்வது குற்றம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடுவார்கள். கேரளத்தில் 2022இல் எடுக்கப்பட்ட முடிவின்படி, உள்ளாட்சித் தலைவரின் உத்தரவுடன் உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பயிரை அழிக்கும் பன்றியைச் சுட வழி செய்யப்பட்டது. எல்லையோரத்தில் இரு பக்கமும் நிலம் வைத்திருப்போர் இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் கண்ணைச் சோதியுங்கள்

எழுதும் கை எதுவோ அதே பக்கத் தோளில்தான் துப்பாக்கியை வைக்க வேண்டும் என்பதில்லை. குறி பார்ப்பது கண். இரண்டு கண்களில் ஒன்று மற்றதைவிட முந்திக்கொண்டு குறியைப் பிடிக்கும். அது எந்தக் கண் என்பதை வீட்டிலேயே அறியலாம்.

இரு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை வெளிப்புறமாகத் திருப்பி, கட்டை விரல்களும் ஆள்காட்டி விரல்களும் சேரும்படி ஒரு சிறு இடைவெளி உண்டாக்க வேண்டும். இரு கண்களும் திறந்த நிலையில் அந்த இடைவெளி வழியாகத் தூரத்திலுள்ள தென்னை மரத்தையோ கம்பத்தையோ பார்க்க வேண்டும். பிறகு ஒரு கண்ணை மூட வேண்டும். மரம் இடைவெளியிலேயே நின்றால், திறந்திருக்கும் கண்தான் குறி பிடிக்கும் கண். மரம் விலகி மறைந்தால், மூடிய கண்ணே குறி பிடிக்கும் கண். இரண்டு மூன்று முறை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

இடது கைக்காரர்களில் சிலருக்கு வலது கண் முந்தும். இவர்கள் வலது தோளில் வைத்துப் பழகிக்கொண்டால் சாதாரணத் துப்பாக்கியே போதும். கூடுதல் செலவு மிச்சம். இடது கையும் இடது கண்ணும் சேர்ந்தவர்களே துப்பாக்கியின் அமைப்பைக் கவனித்து வாங்க வேண்டும்.

போல்ட் ரைபிள்

இந்த ரைபிளில் ஒரு தோட்டா சுட்டதும் போல்ட்டைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்து, மறுபடி முன்னே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். சாதாரண ரைபிளில் போல்ட் கைப்பிடி வலது பக்கம் இருக்கும். வெற்றுத் தோட்டாவும் வலது பக்கமே தெறிக்கும். இடது தோளில் வைத்துச் சுடுபவரின் முகம் கட்டையின் வலது பக்கம் இருப்பதால், தெறிக்கும் தோட்டா அவர் முகத்தின் முன்னால் செல்லும். ஒவ்வொரு முறையும் இடது கையை மேலே சுற்றிக் கொண்டுபோய்ப் போல்ட்டை இயக்க வேண்டியும் வரும். துப்பாக்கியின் முன்பகுதியை மூட்டையின் மேலோ கவைக்கொம்பின் மேலோ தாங்கவைத்து, வலது கையால் போல்ட்டை இயக்குவது ஒரு மாற்று வழி. ஆனால் நின்றபடி சுடுபவருக்கு இது உதவாது.

வேட்டை சட்டப்படி நடக்கும் அமெரிக்கா போன்ற நாடுகளில், போல்ட்டை இடது பக்கம் மாற்றிச் செய்த ரைபிள்கள் கிடைக்கின்றன. சாவேஜ் ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் ஆகியவை அங்கு விலை குறைந்த வகைகள்; இரண்டிலும் இடது கை அமைப்பு உண்டு. பின்லாந்தின் டிக்கா ரைபிளிலும் உண்டு, விலை அதிகம். நம் நாட்டில் துப்பாக்கி இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருப்பதால், இவை சிறு விவசாயியின் கைக்கு எட்டுபவை அல்ல. மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் .315 ரைபிள் நம் நாட்டில் பெயர் பெற்றது. அதன் போல்ட் வலது பக்கம்தான்.

ரைபிளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதன் குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். வீடுகளும் களத்துமேடுகளும் நெருங்கிய நம் கிராமங்களில், குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி

இது விலை குறைந்தது. ஆனால் குதிரையும் கேப்பும் வலது பக்கம் அமைந்திருக்கும். வலது கைக்காரருக்கு நடுவே கட்டை மறைவாக நிற்கும். இடது தோளில் வைப்பவருக்கோ கேப்பு வெடிக்கும் பொறி நேராக முகத்தின் முன்னால் பறக்கும். கண்ணுக்கு ஆபத்து. இடது கைக்காரர் இவ்வகையைத் தவிர்ப்பதே நல்லது. மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி போதாது என்று உரிமம் கேட்கும்போது இந்தக் காரணத்தையும் விண்ணப்பத்தில் எழுதலாம்.

மடக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி

இடது கைக்காரருக்குக் குறைந்த செலவில் மிகவும் ஏற்றது 12 போர் ஒற்றைக்குழல் துப்பாக்கி. நடுவில் மடக்கி, குழலின் பின்புறம் தோட்டாவை வைத்து மூடும் அமைப்பு இது. பக்கவாட்டில் போல்ட் இல்லை. வெற்றுத் தோட்டா முகத்தின் குறுக்கே பறப்பதில்லை. மடக்கும்போது பின்புறமாக வெளிவரும். குதிரை நடுவில் இருப்பதால் எந்தக் கையாலும் இயக்கலாம். பீகாரின் முங்கேரில் இவ்வகைத் துப்பாக்கிகள் செய்யப்படுகின்றன.

ஒரு தோட்டாதான் போடலாம் என்பது குறை போலத் தோன்றும். உண்மையில் அது நன்மையே. மடக்கித் திறந்து வைத்தால் துப்பாக்கி காலியாக இருப்பது எதிரில் நிற்பவருக்கும் கண்ணால் தெரியும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

1. மடக்கும் நெம்புகோலை இடது கையால் சிரமமின்றித் தள்ள முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

2. பாதுகாப்புப் பூட்டு இருந்தால், அது கட்டையின் மேல்புறம் நடுவில் இருப்பது நல்லது. வலது பக்கம் இருந்தால் இடது கைக்கு எட்டாது.

3. கட்டை வலது புறமாக வளைந்திருக்கிறதா என்று பின்னாலிருந்து நோக்க வேண்டும். நேரான கட்டையே இடது கைக்காரருக்கு ஏற்றது.

4. காலித் துப்பாக்கியைக் கண்ணை மூடியபடி இடது தோளில் ஏற்றி, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குழலின் முனையிலுள்ள குறிமணி கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். பத்து முறை செய்து பார்த்து, அநேகமாக ஒவ்வொரு முறையும் நேராக நின்றால் அந்தத் துப்பாக்கி உடலுக்குப் பொருந்தும்.

5. பழைய துப்பாக்கியானால் குழலின் உள்ளே துரு, பள்ளம், வெளியே ஒடுக்கு இருக்கக்கூடாது. மூடியபின் குழல் ஆடக்கூடாது.

தொலைநோக்கி தேவையா?

ரைபிளின் மேல் பொருத்தும் ஸ்கோப் என்னும் தொலைநோக்கி, நூறு மீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக் குறிக்கு உதவும். ரவைத் தோட்டா சுடும் 12 போர் துப்பாக்கி முப்பது நாற்பது மீட்டருக்குள் பயன்படுவது. அந்தத் தூரத்திற்குத் தொலைநோக்கி வேண்டியதில்லை. தொலைநோக்கி வைத்தால் இருட்டில் கண் தெரியும் என்று நினைப்பதும் சரியல்ல. சாதாரணத் தொலைநோக்கி உருவத்தைப் பெரிதாக்குமே தவிர வெளிச்சம் தராது. கண்ணை மிக நெருக்கமாக வைத்தால், சுடும்போது பின்னுக்கு உதைத்துப் புருவத்தைக் கிழிக்கும். இந்தப் பணத்தில் நல்ல டார்ச் விளக்கு ஒன்று வாங்குவது மேல்.

தகப்பனாரின் துப்பாக்கி

உரிமம் உள்ளவர் இறந்தபின், அல்லது அவருக்கு 70 வயது ஆனால், அல்லது துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தால், வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்கலாம். இறந்தவரின் துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, பிறகு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் பரணில் போட்டு வைப்பது குற்றமாகிவிடும். வாரிசு இடது கைக்காரரானால், கட்டையைச் செதுக்கியோ நீளம் கூட்டியோ பொருத்தமாக்கலாம். இதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமே செய்ய வேண்டும். உள்ளூர்த் தச்சரிடமோ பட்டறையிலோ கொடுக்கக்கூடாது.

செலவைக் கணக்கிடுங்கள்

துப்பாக்கியின் விலையுடன் உரிமக் கட்டணம், பயிற்சி, தோட்டா, பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி, அலுவலகங்களுக்கு நடக்கும் நாள்கூலி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால், அந்த நாட்களில் பயிருக்குக் காவல் இல்லை. தமிழ்நாட்டில் பன்றியைச் சுடும் பொறுப்பு வனத்துறையிடம் இருப்பதால், பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு அதே பணம் வேலியில் பயன்படுவதே இலாபம். பக்கத்து நிலத்தாருடன் சேர்ந்து சூரிய சக்தி வேலி அமைத்தால் ஆளுக்கு ஆகும் செலவு குறையும். 2023ஆம் ஆண்டின் தமிழ்நாடு மின்வேலி விதிகளின்படி அதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மின்கம்பத்திலிருந்து நேராகக் கம்பிக்கு மின்சாரம் பாய்ச்சுவதும், அவுட்டுக்காய் வைப்பதும் கூடவே கூடாது. இவற்றில் சிக்கி மாடும் யானையும் மட்டுமல்ல, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதரும் உயிரிழக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு துப்பாக்கி அவசியமென்று முடிவு செய்யும் இடது கைப் பழக்கமுள்ள விவசாயி, கண்ணைச் சோதித்து, உரிமம் பெற்று, மடக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியை வாங்குவது சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும். பயிர்ச்சேதம் ஏற்பட்டால் உடனே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இழப்பீடு கோரத் தவறக்கூடாது.