வானம் பொழியாத பனி

"நுவரெலியாவிற் பனி கொட்டுகிறதாம்" என்னும் பேச்சு, மார்கழி கழிந்து தை பிறக்கும் நாள்களில் எங்கள் கீழ்க்கரை ஊர்களில் ஆண்டுதோறும் அடிபடுவதுண்டு. கோமாரியிலும் திருக்கோவிலிலும் மாரிமழை அப்பொழுதுதான் சற்று ஓய்ந்திருக்கும். பெரும்போக நெல் கதிர்தள்ளி நிற்கும். கடல் இன்னும் தணிந்திராது. இந்த வேளையில், இதே தீவில், பொத்துவிலிலிருந்து மொனறாகலை, வெல்லவாய, பண்டாரவளை வழியாக ஒரு பகற்பொழுதிற் சென்றடையக்கூடிய ஓரிடத்திற் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கிறது என்றால் யாருக்குத்தான் வியப்பு உண்டாகாது? படங்களில் இமயமலையைக் கண்ட பிள்ளைகள், பஞ்சுப் பொதியை அவிழ்த்துவிட்டாற்போல வானிலிருந்து பனி இறங்கும் என்றே எண்ணிக்கொள்கின்றனர். பெரியவர்களிற் பலரும் அவ்வாறே எண்ணுகின்றனர்.

ஆனால், அந்த வெண்மை வானிலிருந்து வந்ததன்று. நுவரெலியாக் குதிரைப்பந்தயத் திடலை வெளுக்கச் செய்வது மேகமன்று. மேகம் இல்லாமையே அதற்குக் காரணம்.

குழப்பத்துக்கு நம் மொழியும் ஓரளவு பொறுப்பு. புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி, கண்ணை மறைக்கும் புகார் மூட்டமும் பனி, உறைந்து படிந்த வெள்ளைப் படலமும் பனி, இமயத்தின் முடியில் மலைமலையாய்க் குவிந்திருப்பதும் பனி. பழந்தமிழர் மார்கழியையும் தையையும் முன்பனி என்றும், மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றும் வகுத்தனர். கூதிரையும் முன்பனியையும் மலைநிலமாகிய குறிஞ்சிக்கு உரிய காலமாக்கினர். அவர்கள் கண்டது பெரும்பாலும் துளிப்பனியும் மூடுபனியுமே. சேரன் ஒருவன் 'இமயவரம்பன்' என்று பெயர் பூண்டானெனினும், வானிலிருந்து உதிரும் பனி தமிழ்நிலத்திற் பெய்ததில்லை. ஆகவே இக்கட்டுரையில், வானிலிருந்து உதிர்வதைப் பனிமழை என்றும், நிலத்தின்மேல் உறைந்து படிவதை உறைபனி என்றும் பிரித்து வழங்குவோம்.

இலங்கை மலைகளிற் பனிமழை ஏன் பெய்வதில்லை? கடல்மட்டத்திலிருந்து மேலே செல்லச்செல்ல, ஒவ்வோர் 1000 மீற்றருக்கும் ஏறக்குறைய 6 பாகை செல்சியசு வெப்பம் குறைகிறது. கோமாரிக் கரையில் 26 பாகை இருக்கும் நாளில், 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 15 பாகை அளவு இருக்கலாம். தீவின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலை 2524 மீற்றர். அங்கே இன்னும் நாலு பாகை குறையும். நீர் உறைவதற்குரிய பூச்சியப் பாகையை வெறுங்காற்று எட்டவேண்டுமாயின், நமது அகலாங்கில் 4500 மீற்றருக்கு மேலே செல்லல் வேண்டும். ஆபிரிக்காவின் கிளிமஞ்சாரோ பூமத்திய ரேகைக்கு மிக அண்மையில் இருந்தும் முடியிற் பனிக்கட்டியைத் தாங்குவது, அது 5895 மீற்றர் உயர்ந்திருப்பதனாலேயே. நம் மலைகளுக்கு அத்தகைய உயரம் இல்லை. எப்பொழுதாவது மலைநாட்டில் ஆலங்கட்டி கொட்டி நிலத்தை வெளுக்கச் செய்வதுண்டு. அது இடிமேகத்தின் விளையாட்டு, பனிமழையன்று. நீலகிரியில் 'அவலாஞ்சி' என்றோர் இடம் உண்டு. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பனிச்சரிவு என்று பொருள். ஆயின் அங்கே சரிந்தது பனியன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிகழ்ந்த மண்சரிவே அப்பெயருக்குக் காரணமாயிற்று.

காற்று பூச்சியப் பாகையை எட்டாதபோது புல் மட்டும் எவ்வாறு உறைகிறது?

பகலில் வெயிலைப் பெற்ற நிலம், இரவு முழுவதும் அவ்வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானை நோக்கி வீசிக்கொண்டே இருக்கிறது. மேகம் கவிந்திருந்தால் அதிற் பெரும்பங்கை அது வாங்கி மீண்டும் நிலத்துக்கே அனுப்பும். மேகம் மலைக்கு ஒரு கம்பளி என்று சொல்லலாம். வானம் தெளிந்து, காற்றும் அசையாது, வளியில் ஈரமும் குறைந்திருக்கும் இரவில் அக்கம்பளி இல்லை. அப்பொழுது புல்லும் இலையும் தம்மைச் சூழ்ந்த காற்றைக் காட்டிலும் வேகமாகக் குளிர்ந்து பூச்சியத்திற்குக் கீழே இறங்கிவிடும். அவற்றைத் தொட்ட காற்றிலுள்ள நீராவி அப்படியே பளிங்குத் துகள்களாக ஒட்டிக்கொள்ளும். உறைபனி என்பது இதுவே. துளிப்பனியும் இவ்விதமாகவே உண்டாகிறது என்பதை வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் என்னும் இலண்டன் மருத்துவர் 1814ஆம் ஆண்டில் ஒரு நூலில் விளக்கிக் காட்டினார்.

ஆனால் வெல்ஸ் எழுதுவதற்கு முன்னரே வட இந்தியக் குடியானவர்கள் இந்த வித்தையைத் தொழிலாகச் செய்துவந்தனர். அலகாபாத் போன்ற இடங்களில், பனிமழை என்பதையே காணாத சமவெளியில், அகன்ற குழிகளில் வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் பரப்பி, அதன்மேல் ஆழமற்ற மண்சட்டிகளில் நீர் வார்த்து இரவில் திறந்த வெளியில் வைத்தனர். காற்று உறைநிலைக்குச் சற்று மேலே இருந்த இரவுகளிலும், விடியுமுன் சட்டிகளிற் பனிக்கட்டி படிந்திருந்தது. வைக்கோல் நிலத்தின் சூட்டைத் தடுத்தது. வானம் நீரின் சூட்டை வாங்கிக்கொண்டது. சேர் ரொபேர்ட் பார்க்கர் என்பார் இதனைக் கண்டு எழுதிய கட்டுரை 1775ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. கல்லூரியில் அடி வைத்தறியாத அம்மனிதர்களின் நுட்பம் வியக்கத்தக்கது.

மற்றொரு செய்தியும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. நீரைப்போலவே சரிவுகளில் வழிந்து பள்ளங்களிற் தேங்கும். ஆகையால் உறைபனி சிகரத்தில் அன்று, சிகரங்களுக்கிடையேயுள்ள தாழ்நிலத்திலேயே மிகுதியாகப் படிகிறது. நுவரெலியா நகரம் மலைகள் சூழ்ந்த ஒரு பெரிய கிண்ணம் போன்றது. ஹோர்ட்டன் சமவெளியிலும் அம்பேவளையிலும் உள்ள பள்ளத்தாக்குகளும் அத்தகையனவே. நீலகிரியிற் சோலைக்காட்டை அடுத்துப் புல்வெளி அமைந்திருப்பதற்கு, மரக்கன்றுகளை இவ்வுறைபனி கொன்றுவிடுவதும் ஒரு காரணம் என்று அறிஞர் பலர் கருதுவர்.

"நாலு பாகை என்று வானொலியிற் சொன்னார்களே, நாலு பாகையில் நீர் உறையுமா?" என்று மாணவர் கேட்பது நியாயமே. வெப்பமானியை வைப்பது, தரையிலிருந்து ஏறத்தாழ மனிதனின் நெஞ்சளவு உயரத்தில் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள். அதனை அமைத்தவர் 'புதையல் தீவு' எழுதிய ஆசிரியரின் தந்தையாகிய தோமஸ் ஸ்டீவன்சன். பெட்டிக்குள் நாலு பாகை இருக்கும்போது, திறந்த வானத்தின் கீழுள்ள புல்நுனி பூச்சியத்திற்குக் கீழே சென்றிருக்கக்கூடும். பெட்டியும் பொய் சொல்லவில்லை. புல்லும் பொய் சொல்லவில்லை.

இனி, இது தை மாசியில் ஏன் நிகழ்கிறது என்பதற்கு வருவோம். மாரிகாலத்தில் ஆசியப் பெருநிலம் குளிர்ந்து கனத்த காற்று அங்கே தேங்குகிறது. வட ஆசியாவின் கொடுங்குளிர் நேரே தெற்கே இறங்காதபடி இமயமும் திபெத்து மேட்டுநிலமும் மதிலாக நிற்கின்றன. அம்மதிலின் மேற்குப் பாகத்தில் அப்பொழுது மெய்யான பனிமழை பெய்கிறது. மத்தியதரைக் கடற் பக்கத்திலிருந்து ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் காற்றுச் சுழிகள் காசுமீரத்திலும் இமாசலத்திலும் மார்கழி முதல் பங்குனி வரை அதனைக் கொட்டிச் செல்கின்றன. இமயத்தில் மிகுதியாகப் பனி குவிந்த ஆண்டுகளில் அடுத்துவரும் இந்தியப் பருவமழை குன்றுகிறது என்னும் கருத்தை, இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகிய பிளான்போர்ட் 1884ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார்.

மதிலுக்கு இப்பாலிருந்து புறப்படும் வாடைக்காற்று வங்கக் கடலைக் கடக்கையில் நீரை முகந்துகொள்கிறது. அந்நீரை முதலில் இறக்குவது நம் கரையிலும், பதுளை, மடுல்சீமை ஆகிய கீழ்ச்சரிவுகளிலுமே. பதுளைக்குக் கிழக்கேயுள்ள அம்மலைகளிற் பிறக்கும் கல்லோயா இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரமாக நிறைந்து, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களுக்குப் பாய்கிறது. மலையைத் தாண்டிய காற்று பெரும்பாலும் வறண்டுவிடுகிறது. மழை தளர்ந்து வாடை உலர்ந்து வீசும் தை மாசி இரவுகளில் மலைநாட்டு வானம் துடைத்துவிட்டாற்போலத் தெளிகிறது. நம் ஊர்க் கச்சான் காற்றை எண்ணிப் பார்ப்பவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆனி ஆடியில் மேற்குச் சரிவு நனைய, மலையைத் தாண்டி இறங்கும் காற்று நம் முகத்தை நெருப்பாய்ச் சுடுகிறதன்றோ? அதன் மறுபக்கமே இது. ஒரே மலை, காலம் மாற, நனைவோரும் காய்வோரும் இடம் மாறுகின்றனர்.

தேயிலை வணிகருக்கு இந்த வறண்ட குளிர் இனியது. குளிரிற் கொழுந்து மெல்ல வளர்வதால் மணம் செறிகிறது. டிம்புளை, நுவரெலியாப் பகுதிகளின் தேயிலை, தை முதல் பங்குனி வரையே உயர்ந்த தரத்தை எட்டும். ஊவாப் பக்கத்துக்கு அப்பேறு கச்சான் வீசும் காலத்திற் கிட்டும். 1883ஆம் ஆண்டு தொடங்கிய கொழும்பு ஏலத்தில் இவ்விரு பருவங்களுக்கும் தனி மதிப்பு உண்டு.

ஆயின், கொழுந்தைக் கிள்ளுகிறவளுக்கு? மெல்ல வளர்வது என்றால் குறைவாக வளர்வது என்பதே பொருள். உறைபனி படிந்துவிட்டாலோ, மறுநாள் வெயில் ஏறியதும் இளந்தளிர் கருகிச் செந்நிறமாகிவிடும். அந்த மலையில் மீண்டும் கொழுந்து வரக் கிழமைகள் பல செல்லும். நாளொன்றுக்குக் குறித்த நிறை எடுத்தாற்றான் முழுப் 'பேர்'. எடுக்காவிடின் அரைப் பேர். செடியிற் கொழுந்து இல்லாமைக்கு அவள் என் செய்வாள்? கொழும்பில் விலை கூடும் அதே கிழமைகளில் லயத்திற் கூலி குறைவது, யாரும் அதிகம் எழுதாத செய்தியாக இருந்துவருகிறது.

இம்மக்களின் மூதாதையர் திருச்சி, சேலம், இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய வெயில் காயும் சமவெளிகளிலிருந்து, 19ஆம் நூற்றாண்டில் முதலிற் கோப்பிக்காகவும் பின்பு தேயிலைக்காகவும் வந்தவர்கள். மலைக்குளிர் அவர்கள் அறியாதது. தோட்டத்திற் கொடுக்கப்பட்ட கம்பளியும் இலவசமன்று. அதன் விலை கணக்கிற் பற்றெழுதப்பட்டது. இன்றும் பழைய லயங்களின் தகரக்கூரையைப் பாருங்கள். புல்லுக்கு நேர்வதே அதற்கும் நேர்கிறது. தெளிந்த இரவில் தகரம் தன் சூட்டையெல்லாம் வானுக்கு இழந்து, உள்ளேயுள்ள காற்றைக் காட்டிலும் குளிர்ந்துவிடுகிறது. உறங்குவோரின் மூச்சும் அடுப்பின் ஆவியும் அதிற் பட்டுத் துளித்துளியாய்ச் சொட்டுகின்றன. மழையில்லாத இரவிலும் படுக்கை நனைகிறது. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நெஞ்சிற் சளி கட்டுவதில் வியப்பில்லை. கூரையின்கீழ் பலகையோ வேறு தட்டோ அமைத்தாலே இத்தொல்லை பெரிதும் தீரும். இதனை அறிந்தும் செய்யாதிருப்பது இயற்கையின் குற்றமன்று என்பது என் எண்ணம்.

பயிரைக் காப்பதற்கும் வழிகள் உண்டு. நிழல்மரங்களின் கீழுள்ள செடி எளிதிற் கருகாது. மரக்கிளை மேகத்தின் வேலையைச் செய்கிறது. இளங்கன்றுகளைத் தழையால் மூடுவதும் அதே நோக்கத்துக்காகவே. நீர் தெளிப்பது மாணவர்க்குப் புதிராகத் தோன்றும்: குளிரில் நீரை ஊற்றினால் மேலும் குளிராதா? ஒரு கிராம் நீர் உறையும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. விடாது தெளித்துக்கொண்டே இருந்தால், அவ்வெப்பம் இலையைப் பூச்சியப் பாகையிலேயே பிடித்து நிறுத்தும். தெளிப்பதை இடையில் நிறுத்தினால் மட்டும் தீங்கு முன்னையிலும் பெரிதாகும்.

உருளைக்கிழங்குச் செடியும் இவ்வாறே கருகும். மலைநாட்டு மரக்கறி ஏறி இறங்கும் கல்முனைச் சந்தையில் அது உடனே தெரியவரும். "என்ன காக்கா, கிழங்கு இப்படி விலை ஏறிட்டு?" "நுவரெலியாவில பனி கொட்டின, தங்கச்சி. தோட்டமெல்லாம் கருகிப் போயிட்டு." காக்கா சொன்ன காரணம் சரியே; 'கொட்டின' என்னும் சொல் ஒன்றுதான் பிழை.

இதனை நேரிற் காண நுவரெலியா வரை செல்ல இயலாத மாணவர், கடற்கரையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தை மாதத்தில், வானத்தில் மேகமும் வெளியிற் காற்றும் இல்லாத ஓர் இரவிற் தகரத்துண்டுகள் இரண்டை எடுத்து, ஒன்றைத் திறந்த முற்றத்திலும் மற்றதை அடர்ந்த மாமரத்தின் கீழும் வைக்கோலின்மேல் வையுங்கள். சுபகுத் தொழுகைக்கு வாப்பா எழும் வேளையில் நீங்களும் எழுந்து, இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். முற்றத்துத் தகரம் நனைந்திருக்கும். மரத்தடித் தகரம் உலர்ந்தே கிடக்கும். மறுநாள் இரவு மேகம் மூடியிருந்தால் முற்றத்துத் தகரமும் அவ்வளவாக நனையாது. மூன்று நான்கு இரவுகள் பார்த்து, வானத்தின் நிலையையும் தகரத்தின் நிலையையும் ஒரு தாளிற் பக்கத்திற் பக்கமாக எழுதி வையுங்கள்.