பிரி சேர்ந்தால் கயிறு. மாநிலம் சேர்ந்தால் மின்சாரம்!

சிவகங்கை மாவட்டத்துச் சிங்கம்புணரி என்றதும் நினைவுக்கு வருவது தென்னை நார்க் கயிறு. ஒற்றைப் பிரியைச் சிறுவன்கூட அறுத்துவிடுவான். பல பிரிகளைச் சேர்த்து முறுக்கினாலோ, தேரையே இழுக்கலாம்!

மின்சாரமும் அப்படித்தான்.

இருண்ட நாட்கள்

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு! பட்டறைகள் ஓய்ந்தன. தொழிலாளியின் கூலி குறைந்தது.

வெளியே விலைக்கு வாங்கக்கூடாதா? வாங்கலாம். ஆனால் வடக்கேயிருந்து கொண்டுவரப் போதிய கம்பி வழி இல்லை! அன்று தென் மாநிலங்களின் மின்தொகுப்பு தனி. வடக்கோடு அதை இணைத்தவை ஒரு சில நேர்மின் வழிகளே.

2013 டிசம்பர் 31-ல் கர்நாடகத்து ரெய்ச்சூரும் மகாராஷ்டிரத்துச் சோலாப்பூரும் 765 கிலோவோல்ட் வழியால் இணைந்தன. நாடு முழுவதும் ஒரே மின்தொகுப்பு ஆயிற்று. பின்னர் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 6,000 மெகாவாட் வழியும் வந்தது.

கொடுப்பதும் வாங்குவதும்

மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் காற்றாலைகள் வேகமாகச் சுழலும். அப்போது மிஞ்சுவதை நாம் பிறருக்குக் கொடுக்கலாம். காற்று ஓய்ந்தால் அவர்களிடம் வாங்கலாம். நெய்வேலி மின்சாரத்தில் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் பங்கு உண்டு.

நாட்டெல்லைக்கு வெளியேயும் இந்த உறவு வளர்கிறது. பூட்டானில் 336 மெகாவாட் சூக்கா நீர்மின் நிலையம் இந்திய உதவியால் எழுந்தது. அதன் மின்சாரம் இந்தியாவுக்கு வருகிறது. 2024 நவம்பரில் நேபாளத்து மின்சாரம் முதன்முறையாக இந்தியக் கம்பி வழியே வங்காளதேசம் சென்றது!

ஒருவர் தவறினால்?

ஆபத்தும் உண்டு. மின்னோட்டம் விநாடிக்கு 50 சுழற்சி என்ற அளவில் ஓடவேண்டும். உற்பத்திக்கு மேல் இழுத்தால் அந்த அளவு குறையும். ஒரு வழியில் பாரம் மிஞ்சினால் அது தானாகத் துண்டிக்கப்பட்டு, பாரம் அடுத்த வழியில் விழும்.

2012 ஜூலை 30, 31-ல் நடந்தது இதுதான். சில வட மாநிலங்கள் பங்குக்கு மேல் இழுத்தன. இரண்டாம் நாள் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதியில் மின்சாரம் நின்றது. தனித்திருந்த தெற்கு அன்று தப்பியது. இன்று நாமும் அதே தொகுப்பில் இருக்கிறோம். ஆகவே கட்டுப்பாடு எல்லோருக்கும் பொது.

இதில் உங்களுக்கும் பங்கு உண்டு, தாய்மார்களே! மாலை ஆறு முதல் பத்து வரை மின் தேவை உச்சத்தில் இருக்கும். பகலில் சூரிய மின்சாரம் நிறையக் கிடைக்கும். மாவு அரைப்பதையும் துணி தேய்ப்பதையும் பகலிலேயே முடித்துவிடுங்கள். மாநிலங்கள் பங்கறிந்து எடுப்பதைப்போல, வீடுகளும் வேளையறிந்து எடுத்தால் விளக்கு அணையாது!