வண்ண உடைப் படத் தாள்
லண்டன், 1860கள்

‘இங்கிலீஷ்வுமன்ஸ் டொமஸ்டிக் மேகஸின்’ என்ற மாத இதழுடன் வந்த தாள் இது. நடுத்தரக் குடும்பப் பெண்களுக்காகச் சாமுவேல் பீட்டன் 1852இல் தொடங்கிய இவ்விதழின் விலை இரண்டு பென்ஸ். 1860இல் விலை ஆறு பென்ஸாக உயர்ந்தது. பாரிஸ் உடைகளின் வண்ணப் படங்களும் சேர்ந்தன. எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கோட்டுப் படத்துக்கு ஒவ்வொரு பிரதியிலும் கையால் வண்ணம் தீட்டினர். ஆகவே ஒரே படத்தின் இரு பிரதிகளில் நிறம் சற்று வேறுபடலாம்.

பாவாடையை இவ்வளவு அகலமாக விரித்து நிறுத்துவது துணியின் விறைப்பு அல்ல. உள்ளே அணிந்த கிரினோலின் என்னும் எஃகு வளையக் கூடு. உடலுக்குப் பொருந்தும் ஆயத்த உடைகள் அன்று அரிது. படம் பார்த்துத் துணி எடுத்து, இதழ் வழங்கிய காகித வெட்டு மாதிரியைக் கொண்டு வீட்டிலோ தையற்காரியிடமோ தைத்துக்கொண்டனர்.