பழைய வண்ணத் தொலைக்காட்சியில் நிறப்பிழை ஆராய்தல்

1953ஆம் ஆண்டு திசெம்பர் 17ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வண்ணத் தொலைக்காட்சிக்குரிய நியமம் அங்கீகாரம் பெற்றது. மறு ஆண்டில் ஆர்.சீ.ஏ. நிறுவனத்தார் 1,000 டொலர் விலையில் வண்ணப் பெட்டியை விற்கத் தொடங்கினர். அத்தலைமுறைப் பெட்டிகளுள் எஞ்சியவை இன்று அரும்பொருள்களாகப் பேணப்படுகின்றன. அவற்றில் நிறம் பிறழுங்கால், மூலத்தை ஆராயாது கண்ட திருகையெல்லாம் திருப்புவோர் நன்றாயிருந்த பகுதியையும் கெடுத்துவிடுகின்றனர்.

மூலத்தை அறிதற்கு நிறம் தோன்றுமாற்றை அறிதல் வேண்டும். குழாயினுள் மூன்று இலத்திரன் துப்பாக்கிகள் உள. அவற்றின் கற்றைகள் துளைகள் நிறைந்த மெல்லிய உலோகத் தகட்டினூடே சென்று, முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களில் ஒளிரும் புள்ளிகளைத் தாக்குகின்றன. நிலையத்திலிருந்து வரும் குறிப்போ இரு கூறுடையது. ஒன்று கறுப்பு வெள்ளைப் படத்தைத் தரும். மற்றையது அதற்கு நிறமூட்டும்.

ஆகவே, முதற்கண் நிறத் திருகை முற்றாகக் குறைத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தை நோக்குக. அதிலும் சாயல் காணப்படின், பழுது பெரும்பாலும் குழாயிலோ துப்பாக்கிகளின் சமநிலையிலோ உள்ளது. ஓரிடத்தில் மட்டும் திட்டாகச் சாயல் படிந்திருப்பின், அத்தகடு காந்தமேறியிருத்தல் கூடும். ஆடலோட்டம் பாயும் காந்தநீக்கிச் சுருளைத் திரைமுன் வட்டமாக அசைத்து, மெல்ல விலக்கி, ஏறத்தாழ இரண்டு மீற்றர் தூரம் சென்றபின்னரே நிறுத்துதல் வேண்டும். அண்மையில் நிறுத்தினால் காந்தம் மேலும் ஏறும். வெள்ளைக் கோடுகளின் ஓரத்தில் நிறக்கரை தோன்றின், மூன்று கற்றைகளும் ஒருங்கு கூடவில்லை என்பது பெறப்படும்.

கறுப்பு வெள்ளைப் படம் தூய்மையாயிருப்பின், பழுது நிறக்குறிப்பின் வழியிலேயாம். முகங்கள் பச்சையாகவோ ஊதாவாகவோ தோன்றின் அலையின் அவத்தை பிறழ்ந்துள்ளது. சாயல் திருகு அதற்கெனவே அமைந்தது. நிறங்கள் பட்டை பட்டையாக ஓடின், பெட்டியினுள் உள்ள அலையாக்கி நிலையத்தின் அலையோடு இசையவில்லை. வால்வொன்று தளர்ந்திருப்பினும் இவ்வாறு நேரும். 1967இல் மேற்கு சேர்மனியிலும் பிரித்தானியாவிலும் ஒளிபரப்பில் வந்த பால் முறை, வரிக்கு வரி அவத்தையை மாற்றி, முற்கூறிய சாயற்பிழையைத் தானே ஈடுசெய்தது.

இவ்வாராய்ச்சியில் ஒன்றை மறத்தலாகாது. குழாயில் 20,000 உவோற்று அளவான மின்னழுத்தம் உண்டு. மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் அது தங்கியிருத்தல் கூடும். ஆதலின் வெளித்திருகுகளாற் செய்யத்தக்க சோதனைகளோடு ஏனையோர் அமைதலே முறை. பெட்டியைத் திறத்தல் பயின்றோர்க்கே உரியது. அக்காலத்து 15 அங்குல வண்ணக்குழாய்கள் இன்று செய்யப்படுவதில்லை. அவசரத்தாற் கெட்ட குழாய்க்கு ஈடு காண்டல் அரிது.