புகை தின்னும் பாசி

"ஸார், பாசியிலிருந்து மோட்டார் எண்ணெய் எடுக்கலாமாமே?"

திண்ணனூர் நாட்டில் மழை ஓய்ந்த ஒரு காலையில், பாசி படர்ந்த பாறையில் வழுக்கி விழாமல் வந்து சேர்ந்த என் மாணவன் கேட்ட கேள்வி இது. எடுக்கலாம் என்றேன். பின்பு இருவரும் கணக்குப் போடலானோம்.

நுண்பாசி தனித்தனியே கண்ணுக்குப் புலப்படாதது. சூரிய ஒளியின் துணையால் கரியமில வாயுவை உண்டு வளர்வது. சில இனங்கள் உடலில் எண்ணெயைச் சேர்த்து வைக்கின்றன. காற்றில் அவ்வாயு நூற்றுக்கு 0.04 பங்கே, நிலக்கரிப் புகையிலோ 10 முதல் 15 பங்கு. அப்புகையைக் குளிர்வித்துக் குளத்து நீரில் குமிழிகளாகச் செலுத்தினால் பாசிக்கு விருந்துதான். ஒரிஸ்ஸாவில் அங்குல் நகரத்து நால்கோ நிறுவனம் தன் மின் நிலையப் புகையைக் கொண்டு இச்சோதனையை நடத்தியிருக்கிறது.

பாசி ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. சென்னைச் சர்வகலாசாலைப் பேராசிரியர் எம். ஓ. பி. அய்யங்கார் 1932-இல் 'ஃப்ரிட்ஷியெல்லா' என்ற புதுப் பாசியை உலகுக்கு அறிவித்தவர்.

இனி, கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ உலர்ந்த பாசி உண்டாக ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு வேண்டும். நன்கு விளையும் ஒரு ஏக்கர் குளம் நாளொன்றுக்கு 80 கிலோ பாசி தரலாம். அண்டையிலுள்ள மேட்டூர் அனல் மின் நிலையத்தின் ஒரே ஒரு 210 மெகாவாட் யந்திரம் முழு வேகத்தில் ஓடினால், நாளொன்றுக்குச் சுமார் 5,000 டன் வாயுவைக் கக்கும். அவ்வளவையும் உண்பதற்கு 30,000 ஏக்கருக்கு மேல் குளம் வெட்ட வேண்டும்! குளத்து நீர் ஒரு லிட்டரில் ஒரு கிராம் பாசி கிடைப்பதே அரிது. அதைப் பிரித்து உலர்த்தும் செலவோ பெரிது. கடைசியில் எண்ணெய் எரிகையில் வாயு மீண்டும் வானுக்கே போகிறது.

அமெரிக்க அரசாங்கம் 1978 முதல் 1996 வரை முயன்று, விலை கட்டாதென நிறுத்தியது. 2009-இல் இறங்கிய எக்ஸான்மொபில் கம்பெனியும் பின்னர் விலகிற்று.

எனினும் பாசியை ஒதுக்கிவிடலாகாது. கழிவு நீரைத் தெளிவிக்கும் வேலையில் அது வல்லது. இராணிப்பேட்டையில் ஆலைக் கழிவு நீரைப் பாசியால் சுத்தி செய்து காட்டியுள்ளனர். நம் மலையின் குச்சிவள்ளிக் கிழங்கு, கீழ்நாட்டு ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. அங்கே கழிவு நீர் பெருந்தொல்லை. நீரும் தெளிந்து, பாசியும் உரமாகப் பயன்பட்டால், எண்ணெய் அதன் பின் வரும் லாபமே.

"அந்த நீரில் எந்தப் பாசி நன்றாக வளரும், ஸார்?" என்றான் பையன். எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த வாரம் ஆளுக்கொரு கண்ணாடிச் சீசாவில் வளர்த்துப் பார்ப்பதென்று தீர்மானித்திருக்கிறோம்.