சும்மா இருக்கத் தெரியுமா? அப்போ நீங்களும் எறும்பு வளர்க்கலாம்!

நாய், பூனை, லவ் பேர்ட்ஸ், மீன்தொட்டி... இந்த வரிசையில் எறும்பையும் சேர்த்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ‘எறும்பை விரட்டத்தான் நாங்க வழி தேடிக்கிட்டிருக்கோம், இதுல வளர்க்கிறது வேறயா?’ என்று நீங்கள் கேட்பது புரிகிறது. சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்துக் காப்பாற்றும் ஊர் நம்முடையது. அதே சமயம், வாசலில் போடும் அரிசி மாவுக் கோலம் எறும்புக்குச் சாப்பாடு என்று சொல்லி வளர்ந்த ஊரும் இதுதான்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய செலவில்லை. இடமும் வேண்டாம், ஒரு அலமாரி மூலை போதும். ஆனால், ஒரு விஷயம் கட்டாயம் வேண்டும். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரிய வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்க்கும் நமக்கு அதுதான் கஷ்டம்!

ராணி இல்லாவிட்டால் எதுவும் இல்லை

சர்க்கரையைப் போட்டு நூறு எறும்பைப் பிடித்து ஒரு பாட்டிலில் விட்டால் என்ன ஆகும்? கொஞ்ச நாள் ஓடும், கொஞ்சம் குழி பறிக்கும், பிறகு ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். நாம் தினமும் பார்க்கும் எறும்புகள் எல்லாம் வேலைக்காரப் பெண்கள். புதிதாகக் குடும்பத்தை உண்டாக்க அவற்றால் முடியாது. அமெரிக்காவில் 1956-ல் ஒரு பொம்மை வந்தது. இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே மணல், அதில் எறும்புகள். சக்கைப்போடு போட்டது. ஆனால், அதில் ராணி கிடையாது. சில வாரங்களில், மிஞ்சிப்போனால் சில மாதங்களில் கதை முடிந்துவிடும்.

ராணி இருந்தால் கதையே வேறு. ஐரோப்பாவில் சாதாரணமாகக் காணப்படும் கறுப்புத் தோட்டத்து எறும்பின் ராணி ஒன்று, மனிதர் பராமரிப்பில் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது. எல்லா ராணியும் அப்படி வாழாது. ஆனாலும், நீங்கள் கையில் எடுப்பது ஒரு பூச்சியை அல்ல, வருடக்கணக்கில் நீளக்கூடிய ஒரு குடும்பத்தை. இதை முதலிலேயே மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ராணியை எங்கே, எப்போது பிடிப்பது?

புற்றைத் தோண்டி அல்ல! அப்படித் தோண்டினால் ராணி கிடைப்பது அபூர்வம், ஒரு குடும்பம் அழிவது நிச்சயம். ராணிகளே வெளியே வரும் நாள் ஒன்று உண்டு. நல்ல மழைக்குப் பிறகு, காற்று அடங்கி, புழுக்கமாக இருக்கும் பொழுதில் இறக்கை முளைத்த இளம் ராணிகளும் ஆண் எறும்புகளும் கூட்டிலிருந்து பறந்து கிளம்பும். ஒரு வட்டாரத்தில் உள்ள பல கூடுகள் ஒரே சமயத்தில் கிளம்புவதால், அந்நியக் கூட்டு ஜோடி கிடைக்கிறது. இணை சேர்ந்த பிறகு ஆண்களின் ஆயுள் சில நாள்தான். ராணியோ அன்றைக்கு வாங்கிய விந்தணுவை உடலுக்குள் ஒரு பையில் சேமித்து வைத்துக்கொள்ளும். வாழ்நாள் முழுக்க அதை வைத்துத்தான் முட்டையிடும்.

தரையில் இறங்கியதும் ராணி செய்யும் முதல் வேலை, தன் இறக்கையைத் தானே உதிர்ப்பது. இனி பறக்கப்போவதில்லை. மண்ணில் ஒரு பொந்து தேட வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில்தான் மொட்டைமாடியிலும் வாசல்படியிலும் ஒற்றையாக அலைந்துகொண்டிருக்கும். பல்லி, தவளை, காக்கா, பிற எறும்புகள் என எல்லோருக்கும் அன்று விருந்து. பறந்து வரும் ராணிகளில் பெரும்பாலானவை குடும்பம் தொடங்காமலே செத்துப்போகின்றன. அதனால், ஒன்றிரண்டு ராணியை எடுப்பதால் அந்த இனத்துக்குப் பெரிய நஷ்டம் வந்துவிடாது. டப்பா டப்பாவாக அள்ளாதீர்கள்.

ஈசலா, எறும்பா?

இங்கேதான் பலர் குழம்புவார்கள். மழை முடிந்து டியூப்லைட்டை மொய்ப்பதில் பாதி ஈசல். ஈசல் என்பது கரையானின் இறக்கை முளைத்த வடிவம். அதைக் கொண்டுவந்து மர அலமாரியில் வைத்தால் வீட்டில் நமக்குப் பூஜைதான். வித்தியாசம் சுலபம். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு இல்லாத நேர் உடம்பு, மணி கோத்த மாதிரி நேரான உணர்கொம்பு. எறும்புக்கு முன் இறக்கை பெரிது, பின் இறக்கை சிறிது, இடுப்பு ஊசி மாதிரி ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கை மாதிரி மடிந்திருக்கும்.

அடுத்து, ராணியா வேலைக்காரியா என்று பார்க்க வேண்டும். கட்டெறும்பில் தலை பெருத்த வேலைக்காரிகள் உண்டு. அதைப் பார்த்து ராணி என்று ஏமாந்துவிடாதீர்கள். தலையைப் பார்க்காமல் தலைக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள பகுதியைப் பாருங்கள். ராணிக்கு அது திமில் மாதிரி உருண்டு திரண்டிருக்கும், ஏனென்றால் பறக்கும் தசை அங்கேதான் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் இறக்கை உதிர்ந்த தழும்பு தெரிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இறக்கையோடு திரியும் ராணி, இணை சேராததாகவும் இருக்கலாம்.

தொடங்குபவர்களுக்கு ஏற்றது பெரிய கறுப்புக் கட்டெறும்பு. உருவம் பெரிது என்பதால் கண்ணாலேயே எல்லாம் தெரியும். கடிக்கும்தான், ஆனால் கொட்டாது. மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு வேண்டாம், அதற்கு மரம் வேண்டும். சுருக்கென்று கொட்டும் சிவப்பு நெருப்பெறும்பும் வேண்டாம். இன்னொரு வேடிக்கை, டயகாமா என்ற இனத்துக்கு ராணி என்று தனியாக ஒரு வகையே கிடையாது. வேலைக்காரிகளில் ஒருத்தியே முட்டையிடும் பொறுப்பை எடுத்துக்கொள்வாள்.

கண்ணாடிக் குழாய்தான் அரண்மனை

லேப் சாமான் விற்கும் கடையில் ஒரு சோதனைக் குழாய் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, பஞ்சை உருட்டி உள்ளே தள்ளுங்கள். பஞ்சு தண்ணீரைத் தொட்டு நனைய வேண்டும், ஆனால் தண்ணீர் இந்தப் பக்கம் ஒழுகக் கூடாது. மிச்சம் இருக்கும் காலி இடத்தில் ராணியை விட்டு, வாயைக் காய்ந்த பஞ்சால் அடையுங்கள். பஞ்சு வழியே காற்று போகும். குழாயைக் கறுப்புத் துணியிலோ அலுமினியத் தாளிலோ சுற்றி, அலமாரியின் அசையாத ஒரு மூலையில் வையுங்கள். மண் எதுவும் வேண்டாம். ஈரமும் இருட்டும் அமைதியும் இருந்தால் ராணிக்கு அதுவே பொந்து.

ஃப்ரிட்ஜ் மேல், வாஷிங் மெஷின் பக்கத்தில், ஸ்பீக்கர் அருகில் வைக்காதீர்கள். நமக்குக் கேட்காத அதிர்வும் அதற்கு நிலநடுக்கம்தான்.

சாப்பாடு? ஒன்றும் போட வேண்டாம்!

இந்த இடத்தில்தான் நம்மவர்கள் மனசு கேட்காது. ‘பாவம், பட்டினி கிடக்குதே’ என்று சர்க்கரை போடத் தோன்றும். போடாதீர்கள். கட்டெறும்பு ராணி மாதிரிப் பல இன ராணிகள், முதல் பிள்ளைகள் வளரும்வரை எதுவும் சாப்பிடுவதில்லை. இனி பறக்கத் தேவையில்லாத அந்தப் பெரிய இறக்கைத் தசைகளையும், உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பையும் கரைத்துத்தான் உயிர் வாழும். அதிலிருந்தே புழுக்களுக்கும் ஊட்டும். பறக்க உதவிய உடம்பே பிள்ளைகளுக்குப் பால்சோறு ஆகிறது.

சில நாட்களில் வெள்ளையாகச் சில முட்டைகள் தெரியும். பிறகு அரிசிக்குருணை மாதிரி புழுக்கள். பிறகு வெளிர்பழுப்பில் கூட்டுப்புழுக்கள். பலர் ‘எறும்பு முட்டை’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தக் கூட்டுப்புழுவைத்தான். நம் ஊர் வெப்பத்தில் முதல் வேலைக்காரி வெளிவரத் தோராயமாக ஒன்றரை முதல் இரண்டு மாதம். குளிரான ஊர் என்றால் இன்னும் கூடும்.

இந்த இரண்டு மாதமும் உங்கள் வேலை என்ன? ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒருமுறை, சிவப்பு செலோபன் தாள் மூடிய டார்ச்சை அடித்து அரை நிமிடம் பாருங்கள், போதும். சிவப்பு வெளிச்சம் எறும்புக்குச் சரியாகத் தெரியாது. தினமும் துணியை விலக்கி, குழாயைத் தூக்கி, ரீல்ஸ் எடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? பயந்துபோன ராணி தன் முட்டைகளைத் தானே தின்றுவிடும். கொடூரம் இல்லை, கணக்கு. ‘இந்த இடம் பாதுகாப்பில்லை’ என்று முடிவு செய்தால், போட்ட முதலை அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. வளர்ப்பவர்கள் ராணியை இழப்பது பெரும்பாலும் கவனிக்காததால் அல்ல, அதிகமாகக் கவனிப்பதால்தான்.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால், பார்க்கும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ‘ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்’ என்ற ஒரு வாக்கியமே பெரிய பாடம்.

முதல் பிள்ளைகள் வந்தாச்சு!

விரல்விட்டு எண்ணும் அளவில் சின்னச் சின்ன எறும்புகள் வெளிவரும். வழக்கமான கட்டெறும்பைவிடக் குட்டியாக இருக்கும். ராணி தன் உடம்பிலிருந்து மட்டுமே ஊட்டி வளர்த்தது இல்லையா, அதனால்தான். இப்போது உங்கள் முறை. ஒரு துண்டு அலுமினியத் தாளில் கடுகளவு தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வையுங்கள். பெரிய சொட்டு வைத்தால் மூழ்கிவிடும். கூடவே புரதம் வேண்டும். அடித்த கொசு, ஈ, கரப்பான் பூச்சியின் சின்னத் துண்டு, துளி அவித்த முட்டை, எதுவானாலும் சரி. பெரிய எறும்புகளால் திட உணவை விழுங்க முடியாது. புழுக்கள்தான் அதைச் செரிக்கும். அதனால், புரதம் இல்லையென்றால் குடும்பம் பெருகாது.

மருந்து அடித்துச் செத்த பூச்சி மட்டும் கூடாது. எறும்பு சாக்பீஸ் கோடு போட்ட அலமாரியும் கூடாது. மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

குழாய் நிறைந்ததும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை உலாவும் இடமாக்கலாம். உள்பக்க விளிம்பில் டால்கம் பவுடரைச் சானிட்டைசரில் குழைத்துப் பூசி, வாசனை போகும்வரை நன்றாகக் காயவிடுங்கள். வழுக்கும், ஏற முடியாது. அப்படியும் பயமாக இருந்தால் நம்ம பாட்டி டெக்னிக் இருக்கவே இருக்கிறது. டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். சர்க்கரையை எறும்பிடமிருந்து காப்பாற்றிய அதே தட்டு!

குழாயில் தண்ணீர் தீர்ந்தால் எறும்புகளைத் தட்டிக்கொட்டாதீர்கள். புதுக்குழாயை வாயோடு வாய் வைத்து, புதியதை இருட்டாக்கி, பழையதை வெளிச்சத்தில் விடுங்கள். அவையே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு குடிமாறும். நாளெடுக்கும், பரவாயில்லை.

வாங்காதீர்கள், வேறு ஊரில் விடாதீர்கள்

ஆசை முற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கென்யா உதாரணம். 2025 ஏப்ரலில் அங்கே ஒரு விருந்தினர் விடுதியில் சுமார் 5,000 ராணி எறும்புகளுடன் பெல்ஜியத்தைச் சேர்ந்த 19 வயது இளைஞர்கள் இருவர் பிடிபட்டார்கள். எறும்புகள் இருந்தது 2,244 குழாய்களில், ஒவ்வொன்றிலும் பஞ்சு. நாம் மேலே பார்த்த அதே முறைதான். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எறும்பு வளர்ப்பவர்களுக்கு விற்பதற்கான கடத்தல் என்றது அரசுத் தரப்பு. மே மாதம், தலைக்கு 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் அல்லது 12 மாதச் சிறை என்று தீர்ப்பு வந்தது. ராணியை மட்டும் எடுத்தாலும் அது காட்டைத் திருடுவதுதான். விதை பரப்பவும் மண்ணைக் கிளறவும் அங்கே ஆள் இல்லாமல் போகும்.

இன்னொரு பக்கம், அந்நிய எறும்பு தப்பித்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு பெருகி, லட்சக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்றது. அதே இனம், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரக் கிராமங்களை 2022-ல் படுத்தியெடுத்தது செய்திகளில் வந்தது. அதனால் உங்கள் தெருவில் கிடைத்த ராணியை மட்டும் வளருங்கள். சரணாலயம், தேசியப் பூங்கா பக்கம் கையே வைக்காதீர்கள். ஆன்லைனில் வெளியூர் ராணி விற்றால் வாங்காதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும்...

சில ராணிகள் முட்டையே இடாது. சில முட்டையிட்டுவிட்டுத் திடீரென்று செத்துப்போகும். இணை சேராமல் இருந்திருக்கலாம், பூஞ்சை தாக்கியிருக்கலாம். வெளியிலும் இதுதான் நடக்கிறது. குழந்தை அழுதால், மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழித்து அலுத்துப்போனால்? பரீட்சை, வேலை மாற்றம், வீடு மாற்றம் வரத்தான் செய்யும். அலமாரியில் மறந்துவிட்டால் தண்ணீர் வற்றி முழுக் குடும்பமும் இருட்டிலேயே காய்ந்துபோகும். அதற்கு முன், பிடித்த இடத்துக்கே எடுத்துப்போய் நிழலான ஈரமண்ணில் குழாயைத் திறந்து வைத்துவிடுங்கள். உங்கள் தெருவில் பிடித்த உள்ளூர் கட்டெறும்பு என்றால் மட்டும்தான் இதுவும்.

அடுத்த மழைக்கு முன் ஒரு குழாய், கொஞ்சம் பஞ்சு, ஒரு கறுப்புத் துணி எடுத்து வையுங்கள். இரண்டு மாதம் பார்க்காமல் இருக்க முடியுமா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் மாடிக்குப் போங்கள். முடியாது என்று தோன்றினால், ராணி கண்ணில் பட்டதும் ஓரமாக நின்று, அது பொந்து தேடிப் போகும் வழியை விடுங்கள். அதுவும் ஒரு எறும்புக் குடும்பத்தைத் தொடங்கிவைப்பதுதான்.