கரையும் நார்த்தூள்: யாருக்கு, எவ்வளவு, எப்படி?

என்னென்ன மருந்துகளை உட்கொள்கிறீர்கள் என்று புறநோயாளர் பிரிவில் நாங்கள் வினவும்போது, மாத்திரைகளின் பெயர்கள் எல்லாம் சொல்லப்படுகின்றன. நார்த்தூளின் பெயர் மட்டும் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அது மருந்தன்று, உணவுதானே என்ற எண்ணமே இதற்குக் காரணம். போடி முதல் கூடலூர் வரை எந்த ஊர் மருந்துக்கடையிலும் மருத்துவர் சீட்டு இன்றியே இது கிடைக்கிறது. முறையறிந்து உட்கொண்டால் இதனால் நன்மை உண்டு. முறை தவறினால் தீங்கும் உண்டு. இரண்டையும் இங்கே விளக்குகிறோம்.

கரையும் நார் என்பது யாது?

வெந்தயத்தை இரவில் நீரில் ஊறவைத்தால், காலையில் அதைச் சுற்றி வழவழப்பான கூழ் படிந்திருக்கும். அதுவே கரையும் நார். தானியங்களின் தவிட்டில் உள்ளது பெரும்பாலும் கரையாத நார். இரண்டையும் நமது சிறுகுடல் செரிப்பதில்லை. கரையாத நார் மலத்திற்குப் பருமன் தருகிறது. கூழாகும் நார் இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வேகத்தைக் குறைத்து, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதை மெதுவாக்குகிறது. பித்தநீரின் அமிலங்களையும் பற்றிக்கொண்டு வெளியேற்றுகிறது. இழந்த பித்த அமிலத்தை மீண்டும் உருவாக்கக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொழுப்பை எடுத்துக்கொள்வதால், எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு குறைகிறது.

எல்லாத் தூளும் ஒன்றல்ல

இசப்கோல்: குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மிகுதியாக விளையும் ஒரு செடியின் விதை உமி. நீரில் பலமடங்கு உப்பிக் கூழாகும். குடலில் குறைவாகவே நொதிக்கும். மலச்சிக்கலுக்கும் கொழுப்புக் குறைப்புக்கும் சான்றுகள் மிகுந்தது இதுவே.

இன்யுலின்: நமது காப்பித்தூளில் கலக்கும் அதே சிக்கரியின் வேரிலிருந்து எடுப்பது. நீரில் தெளிவாகக் கரையும், கூழாகாது. ஆதலால் கொழுப்பைக் குறைப்பதில் இசப்கோலுக்கு இது ஈடாகாது. பெருங்குடலில் விரைந்து நொதிப்பதால், குடல் எரிச்சல் நோய் உடையோருக்கு வயிற்று உப்புசத்தை மிகுவிக்கும். சத்துமாவுகளிலும் பிஸ்கட்டுகளிலும் "நார்ச்சத்து நிறைந்தது" என்ற வாசகத்திற்குப் பின்னால் இருப்பது பலமுறை இதுவே.

குவார் பிசின்: கொத்தவரை விதையிலிருந்து பெறுவது. ஐஸ்கிரீம் முதலியவற்றில் கெட்டித்தன்மைக்காகச் சேர்க்கின்றனர். உறைமீது 412 என்ற எண்ணால் குறிப்பர். அந்த அளவு மிகச் சிறிது. அதனால் ஐஸ்கிரீம் நார் உணவாகிவிடாது.

100 கிராமில் 6 கிராம் நார் இருந்தாலே ஒரு திட உணவை "நார் மிகுந்தது" என விற்க நமது நாட்டு விதிகள் இடமளிக்கின்றன. எனவே அதே உறையில் சர்க்கரையின் அளவையும் படித்துப் பாருங்கள். பழச்சுவையூட்டிய நார்த்தூள்கள் சிலவற்றிலும் சர்க்கரை உண்டு.

மெய்ப்பிக்கப்பட்ட பயன்

நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் இசப்கோல், எல்.டி.எல். அளவை 5 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கக்கூடும். இது மாத்திரைக்குத் துணை, மாற்று அன்று. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வுகளில், வெந்தயப்பொடி இரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைத்தது. குடலில் செரிக்காத மாவுச்சத்தும் நாரைப் போலவே பெருங்குடலில் வேலை செய்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அத்தகைய மாவை உப்பு-சர்க்கரைக் கரைசலில் கலந்து காலரா நோயாளிகளுக்கு அளித்தபோது, பேதியால் இழக்கும் நீர் குறைந்தது. அதனை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

ஆயினும், எந்தத் தூளும் நீரிழிவைக் குணமாக்குவதில்லை. தூளை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது ஆபத்து.

தண்ணீரே முதல் விதி

இசப்கோலை ஒருபோதும் உலர்ந்த நிலையில் வாயிலிடக் கூடாது. அது உணவுக்குழாயிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் குறுணை வடிவிலான இசப்கோல் பேதிமருந்துகளை 2007இல் ஏற்க மறுத்ததற்கு இந்த அடைப்பே காரணம். ஒரு தேக்கரண்டித் தூளை ஒரு பெரிய தம்ளர் நீரில் கலந்து, கெட்டியாகும் முன் அமர்ந்த நிலையில் பருகுங்கள். பின்னர் இன்னொரு தம்ளர் நீர் அருந்துங்கள். பருகியவுடன் படுக்க வேண்டாம். ஒரு வாரம் இந்த அளவிலேயே இருந்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

விடியலில் ஜீப்பேறிப் போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களுக்கு ஒரு சொல். கழிப்பிட வசதியின்மையால் பகல் முழுவதும் நீர் அருந்தாமல் இருப்பவர்கள் பலர். அவர்களது மலச்சிக்கலுக்கு அதுவே முதற்காரணமாக இருக்கலாம். நீரின்றி நார்த்தூளை மட்டும் சேர்த்தால் மலம் மேலும் இறுகும். வேலை முடிந்து வீடு திரும்பிய பின், போதிய நீருடன் மாலையில் பருகுவதே நல்லது.

சிறுநீரக நோயாலோ இதயச் செயலிழப்பாலோ நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள், மருத்துவரைக் கேளாமல் இத்தூளைத் தொடங்கவே வேண்டாம். விழுங்குவதில் சிரமம் உள்ளோரும், பக்கவாதத்திற்குப் பின் புரையேறும் முதியோரும் இதனைத் தவிர்க்க வேண்டும். உடனிருந்து பராமரிப்போர் இதை நினைவில் கொள்க.

மற்ற மருந்துகளுடன்

கூழ் நார், உடன் உட்கொள்ளும் மருந்துகள் உடலில் சேர்வதைக் குறைக்கலாம். தைராய்டு மாத்திரைக்கும் நார்த்தூளுக்கும் 4 மணி நேரமும், பிற மருந்துகளுக்கு 2 மணி நேரமேனும் இடைவெளி தேவை. இன்சுலின் போடுவோர் தூளைத் தொடங்கும்போது சர்க்கரையை அடிக்கடி சோதித்து, அளவு தாழ்ந்தால் எங்களிடம் தெரிவியுங்கள். இரும்புச்சத்து மாத்திரைகளும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் மலச்சிக்கலை உண்டாக்கும். அங்கே வேண்டுவது மருந்தை மறுபரிசீலனை செய்வதே.

தூளை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டியவை

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் மலச்சிக்கல் ஆகியவை பெருங்குடல் புற்றுநோயின் முதல் அறிகுறிகளாக இருக்கலாம். மூலம்தான் என்று தாமே முடிவு செய்து, மாதக்கணக்கில் தூளைப் பருகிக் காலம் கடத்தாதீர்கள். தொடக்கத்தில் கண்டறிந்தால் குணப்படுத்த இயலும் நோய் அது. வாந்தியுடன் வயிறு உப்பி, காற்றும் பிரியாதிருந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும்.

நமது தட்டில் உள்ள நார்

பெரியவர்கள் நாளொன்றுக்கு 25 கிராம் நாரேனும் இயல்பான உணவிலிருந்து பெற வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2023இல் அளித்த வழிகாட்டுதல். ஒரு தேக்கரண்டி இசப்கோல் தருவது சில கிராம்களே. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 3 கிராம் நார் உள்ளது. சோளம், கம்பு, கேழ்வரகில் 10 முதல் 11 கிராம் வரை. வெந்தயத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நாரே.

முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் நெல் விளையும் பள்ளத்தாக்கில் மூன்று வேளையும் சோறு என்பது வியப்பன்று. அதில் ஒரு வேளையைக் கம்பங்கூழாகவோ சோளச் சோறாகவோ மாற்றுங்கள். பாசிப்பயறு, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டு, கொய்யா ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாழைக்காயில் உள்ள செரிக்காத மாவு, கனியக் கனியச் சர்க்கரையாக மாறுகிறது; நீரிழிவு உள்ளோர் இதை அறிந்திருக்க வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நமது கம்பம் பன்னீர் திராட்சையையும் பழமாகவே அளவோடு உண்ணுங்கள். வடிகட்டிய சாற்றில் நார் போய்விடும், சர்க்கரை நின்றுவிடும். சிறுநீரக நோயாளிகள் பழம், பயறு, தானியம் எதையும் கூட்டும் முன் பொட்டாசிய அளவு குறித்து மருத்துவரிடம் கேட்டறிக.

உணவில் எட்டாத குறையை நிரப்புவதற்கே தூள். அடுத்தமுறை மருத்துவமனைக்கு வரும்போது, மாத்திரைகளோடு நார்த்தூள் டப்பாவையும் எடுத்து வாருங்கள். உறையைச் சேர்ந்து படித்து, உங்களுக்கு அது தேவையா, எந்த நேரத்தில், எவ்வளவு என்பதை முடிவு செய்வோம்.